ரஹமத் பாய் பூட்டாமல் போன திரை

செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. அன்று விடுப்பு. அன்னூரில் வீட்டுப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மருத்துவமனையில் நெட்வொர்க் பார்க்கும் கார்த்திகேயன்தான் கூப்பிட்டார்.

"மேடம், நம்ம ரஹமத் பாய் தவறிட்டாருங்க. மூணாவது மாடி வார்டுல பிரிண்டரு பாத்துட்டு இருந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாருங்க."

கையில் இருந்த ஈரத் துணியை வாளியிலேயே திரும்பப் போட்டேன். ஆளை அடையாளம் தெரியாமல் நிற்கிறேன் என்று கார்த்திகேயன் நினைத்திருக்க வேண்டும். "அதானுங்க மேடம், டிஸ்க்க ஓட்டிப்போட்டுத் தொழுகைக்குப் போனாரே, அவருதானுங்க" என்றார்.

இருபத்திரண்டு வருடம் என்னோடு வேலை செய்த மனிதரை எனக்கே இப்படித்தான் அடையாளம் காட்டுகிறார்கள். கார்த்திகேயன் மேல் குற்றமில்லை. அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அந்தப் பேச்சு எங்கள் மருத்துவமனையில் ஊறிப்போயிருந்தது. ஆனால் அது பொய். பொய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான், ரஹமத்துல்லாவை அறிந்த உங்களுக்கு, நம் ஊழியர் இதழில் இதை எழுதுகிறேன். இரங்கல் கட்டுரை என்றால் நல்லதாக நாலு வார்த்தை போதும் என்று ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். நாலு வார்த்தையில் முடிகிற காரியமாக இது இல்லை.

ரஹமத் பாயும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் கணினிப் பிரிவின் பொறுப்பாளர் ஆனேன். அவர் ஸ்டோரேஜ் பார்த்தார். நோயாளிகளின் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு என்று எல்லாம் போய்ச் சேர்கிற பெட்டி அது. அலமாரி உயரத்துக்கு, வரிசை வரிசையாக டிஸ்க். நான் கோபக்காரி, அது உங்களுக்கே தெரியும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் அவசரமும் அவருடைய நிதானமும் தினம் ஒரு தடவையாவது முட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு டிஸ்குக்குள்ளும் அதை ஓட்டுகிற சின்ன மென்பொருள் ஒன்று உண்டு. ஃபர்ம்வேர் என்பார்கள். அதில் ஏதாவது குறை தெரிந்தால் தயாரித்த கம்பெனி புதிதாக ஒன்றை அனுப்பும். நாம் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அந்த டிஸ்க் சற்று நேரம் அணைந்து எழும். எழாமலும் போகலாம். அதனால் ரஹமத் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு தாளில் ஏழு கேள்வி எழுதியிருப்பார். அவற்றை அவரே படிக்க மாட்டார். இன்னொருவர் சத்தமாகக் கேட்க வேண்டும். அவர் திரையைப் பார்த்துப் பதில் சொல்லி, தன் கையால் எழுதுவார். கடைசியில் கேட்டவரும் சொன்னவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அன்று வேலை கிடையாது.

ஒரு நாள் அறையில் அவரைத் தவிர யாருமில்லை. நான் திரும்பி வந்து பார்த்தால், கேன்டீன் டீ மாஸ்டர் ஆறுமுகம் டம்ளர் தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி, "பேக்கப்பிலிருந்து ஒரு படத்தைத் திறந்து பார்த்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பாய் கைகட்டாத குறையாக, "பாத்தாச்சுங்க மாஸ்டர்" என்கிறார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

"ஏனுங்க பாய், மாஸ்டருக்கு என்ன தெரியும்னு அவரக் கேக்க வெக்கறீங்க?"

"அவருக்குத் தெரியாதுங்க மேடம். அதனாலதான் ஒண்ணு உடாம கேக்கறாரு. தெரிஞ்சவங்கன்னா, இதெல்லாம் சரியாத்தான் இருக்கும்னு தாண்டிப் போயிருவாங்க."

ஆறுமுகமும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் எங்கள் கோப்பில் இன்னும் இருக்கிறது, ஓரத்தில் டீக்கறையோடு.

அவருடைய இன்னொரு வழக்கம், எத்தனை டிஸ்க் இருந்தாலும் முதலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ஏற்றுவார். அது எழுந்து ஒரு மணி நேரம் ஒழுங்காக வேலை செய்த பிறகு அடுத்தது. நான் பக்கத்தில் நின்று காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். "பாய், நீங்க டிஸ்க்கு பாக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். "பொண்ணுன்னா ஒருக்கா பாத்தாப் போதுமுங்க மேடம். இத மூணு வாட்டி பாக்கோணும்" என்றார். ஒரு முறை அப்படி ஏற்றிய முதல் டிஸ்க் எழவே இல்லை. கம்பெனிக்காரர்கள் வேறு மாடலுக்கு உரியதை மாற்றி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஏற்றியிருந்தால் அன்றே நாங்கள் தொலைந்திருப்போம். செத்த டிஸ்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணோட போச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஏழு வருடம் ஆகிறது.

அந்த வாரம் டிஸ்க் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. ஒரு குறிப்பிட்ட வகை டிஸ்க், இத்தனை மணி நேரம் ஓடிய பிறகு தானாகவே பூட்டிக்கொள்ளும். பிறகு யாராலும் திறக்க முடியாது. அதற்குள் புது ஃபர்ம்வேர் ஏற்றிவிட வேண்டும் என்றிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் வரை நேரம் இருந்தது. ஆனால் ஸ்கேன் படங்கள் இருந்த பன்னிரண்டு டிஸ்க் கூட்டத்தில் ஒன்று வியாழக்கிழமையே செத்துவிட்டது. புதிதாக ஒன்றைச் செருகியிருந்தோம். மற்ற பதினொன்றும் தங்களிடம் இருப்பதை வைத்து அதை நிரப்பிக்கொண்டிருந்தன. இதற்கு ரீபில்டு என்று பெயர். அந்தக் கூட்டம் இரண்டு டிஸ்கின் சாவைத் தாங்கும்; மூன்றாவதைத் தாங்காது. ரீபில்டு முடிகிற வரையில் ஒன்று ஏற்கெனவே போன கணக்குத்தான்.

அன்று கேள்வி கேட்டவள் நான். நாலு கேள்வி நல்லபடியாகத் தாண்டியது. ஐந்தாவதைப் படித்தேன்: "ரீபில்டு முடிஞ்சுதா?"

"இல்லீங்க. எழுபத்தொண்ணு சதவீதம். நாளைக்குக் காலைல முடிஞ்சுரும்." எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "இன்னைக்கு வேண்டாமுங்க மேடம். நாளைக்குப் பண்ணுனாலும் ஒரு நாள் மிச்சமிருக்குது."

அவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. ஐந்து நிமிடத்தில் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "சதவீதம் ஏறுதான்னு மட்டும் பாத்துக்குங்க மேடம், நான் வாரேன்" என்றார். அதற்காகத்தான் தன் திரையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனார். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்ட வேண்டும் என்று பிரிவில் எல்லோரையும் பாடாய்ப் படுத்துகிற ஆள் அவர். என் முன்னால் மட்டும் பூட்டவில்லை.

எனக்கு ஏன் அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் மேல் இருந்த அக்கறையால் பதறிவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது காரணமில்லை. அன்று சாயங்காலம் உடுமலைப்பேட்டையில் என் அக்கா மகளுக்கு நிச்சயம். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு வருடமாக நான் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. சனிக்கிழமை காலை வேலையென்றால் இதிலும் பாதியில் எழுந்து வர வேண்டும். இன்றே ஏற்றித் தொலைத்துவிட்டால் நிம்மதியாகப் போய் இரண்டு நாள் இருக்கலாம். எத்தனையோ தடவை ஏற்றியாயிற்று, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக ஏற்றினால் அவர் வந்துவிடுவார் என்று, எல்லா டிஸ்குக்கும் ஒன்றாக என்கிற வழியைத் தேர்ந்தெடுத்தேன். இந்தக் கூட்டத்தில் ஒரு டிஸ்க் குறைவாக இருக்கிறது, தொடரவா என்று திரை கேட்டது. தொடர் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்பது எழுந்தது. இரண்டு எழவில்லை. பாதி நிரம்பிய புதுசையும் சேர்த்தால் மூன்று. நான் அந்த இரண்டு ஆரஞ்சு விளக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்கேன் பிரிவிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. நான் எடுக்கவில்லை. பாய் தலையில் தொப்பியோடு திரும்பி வந்தவர், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எந்திரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை காலை வரை அந்த நாற்காலியை விட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை.

வியாழன் இரவு வரை இருந்த படங்கள் எல்லாம் பேக்கப்பிலிருந்து திரும்பின. அவர் திறந்து பார்த்து வைத்திருந்த பேக்கப். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்த ஸ்கேன்கள் மட்டும் போனது போனதுதான். படம் எங்களிடம் வந்ததும் ஸ்கேன் மெஷின் தன் பிரதியை அழித்துவிடும்படி இடத்தை மிச்சப்படுத்த நானே அமைத்திருந்தேன்.

அதில் வெள்ளகோவிலில் இருந்து வந்த சரஸ்வதி என்கிற அம்மாவின் ஸ்கேனும் ஒன்று. தேங்காய்க் களத்தில் வேலை செய்தவர். கணவர் பழனிசாமியோடு வந்திருந்தார். வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை அறுவை என்று குறித்திருந்தார்கள். சிறுநீரகம் பழுதான உடம்பு. ஊசி மருந்து ஏற்றி உடனே இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்க டாக்டர் தயங்கினார். அறுவை பதினொரு நாள் தள்ளிப்போனது. மூன்று மாதம் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். அந்தப் பதினொரு நாளால்தானா என்று டாக்டரிடம் நான் ஒரு முறை சுற்றிவளைத்துக் கேட்டேன். "சொல்ல முடியாது தங்கமணி" என்றார். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் இன்னும் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை ரஹமத் பாயிடம் போய், நிர்வாகத்திடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். சொல்லும்போதே அவர் தடுக்க வேண்டும் என்று உள்ளூர ஆசை இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

"சொன்னீங்கன்னா உங்கள வேலைய உட்டே அனுப்பிருவாங்க மேடம். உங்கூட்டுக்காரரு கட்டில்ல இருக்காரு. என்னைய எடம் மாத்துவாங்க, அவ்வளவுதான். லாகின் என்னுது. பூட்டாம போனதும் நானுங்க. பூட்டியிருந்தா நீங்க தொட்டிருக்க மாட்டீங்க."

"பாய், நீங்க வேண்டாம்னு சொல்லியும் நான்தான..."

"தெரியுமுங்க." சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளிக்கிழமைக் கேள்வித் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத நீங்களே வெச்சுக்குங்க. எப்ப சொல்லோணும்னு தோணுதோ அப்பச் சொல்லிக்குங்க. நான் கேக்க மாட்டேன்."

விசாரணையில் நான் அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "பன்னிரண்டு நாற்பதுக்கு உங்க லாகின்ல ஓடியிருக்கு. நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்கள். "தொழுகைக்குக் கிளம்பிட்டேனுங்க. லாகின் என்னுது, பொறுப்பும் என்னுதுங்க" என்றார். ஓட விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். மெயின் கேட் நோட்டைப் புரட்டியிருந்தால் அவர் பன்னிரண்டரைக்கே வெளியே போனது தெரிந்திருக்கும். யாரும் புரட்டவில்லை. புரட்டுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

ஸ்டோரேஜிலிருந்து அவரை எடுத்து, வார்டுகளில் பிரிண்டரும் கீபோர்டும் சரிசெய்கிற வேலைக்கு அனுப்பினார்கள். நான் மேலாளர் ஆனேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர் கேட்டைத் தாண்டும்போது யாராவது ஒருவர், "என்னுங்க பாய், பட்டன் கிட்டன் அமுக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பார். விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். ஒரு மனிதன் தொழப் போகிற நேரத்தில், ஏழு வருடம், ஒவ்வொரு வாரமும். கேட்டவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பல தடவை நான் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

அந்த விசாரணைக்கு அப்புறம் இரண்டு வருடத்தில் என் வீட்டுக்காரர் காலமானார். பாய் வந்து, வாசலில் பந்தல் போடுவதிலிருந்து கடைசி வரை கூட நின்றார். இனி வேலை போனால் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஐந்து வருடத்துக்கு என்னிடம் எந்தக் காரணமும் கிடையாது. அவரும் சொன்ன சொல் தவறாமல் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இறந்த அன்று மத்தியானம் உக்கடத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். அவர் மனைவி மெஹருன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி ஒரு நாளும் ஒரு சொல்லு தப்பாச் சொன்னதில்லீங்க" என்று அழுதார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே சந்துக்கு வந்தேன். நாற்காலி வரிசையின் கடைசியில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முகத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. அவரே பேசினார்.

"ஆஸ்பத்திரிங்களா அம்மணி? நான் வெள்ளகோவில்ங்க. பழனிசாமி. எங்கூட்டு அம்மணிய அங்கதான் பாத்தம்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"சரசு போன நாளுக்கு வருசா வருசம் வந்துருவாருங்க இந்த மனுசன். ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிட்டு வருவாரு. படத்துக்கு முன்னால செத்த நேரம் உக்காருவாரு, போயிருவாரு. மொதோ வருசம் வந்தப்ப எம் பையன் கோவத்துல கையோங்கிட்டானுங்க. அப்பவும் தலயக் குனிஞ்சுட்டு நின்னாரு, என்னோட கவனக்குறைவுதானுங்கன்னு. எனக்கென்னமோ இவரு பண்ணியிருக்க மாட்டாருன்னுதானுங்க தோணுச்சு."

"ஏனுங்க அப்படி?" என்று கேட்டேன்.

"பண்ணுனவங்க வருவாங்களா அம்மணி? வேற ஆரோ பண்ணியிருக்கோணும். அவங்க ஒரு நாளும் எங்கூட்டுப் பக்கம் வந்ததில்லீங்க."

ஜனாஸாப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் எல்லோரும் பின்னால் நடந்தார்கள். பழனிசாமியும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தோள் கொடுக்கப் போனார். நான் சந்தில் நின்று பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு ரஹமத்துல்லா ஓட விடவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஓட விட்டவள் நான், தங்கமணி. ஐந்தாவது கேள்விக்கு எதிரே அவர் கையால் 'இல்லை, 71, நாளை காலை' என்று எழுதி, கீழே இரண்டு கையெழுத்தும் இருக்கிற தாளை, ஒரு கடிதத்தோடு நேற்று நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இனி அவரைப் பற்றிப் பேசும்போது, வேண்டாம் என்று சொன்னவர் என்று சொல்லுங்கள்.

தாள் போய்விட்டதால் அவருடையது என்று என்னிடம் பொருளாக எதுவும் இல்லை. அவர் செய்துவந்த ஒரு வேலை மட்டும் இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் சரஸ்வதி அம்மா இறந்த நாள் வருகிறது. பழனிசாமியிடம் போனில், "அன்னைக்கு நான் வாரேனுங்க" என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். போய் இறங்கியதும், அவர் சொம்பில் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், வாசலில் நின்றபடியே சொல்ல வேண்டியதைத் தினமும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணா, அன்னைக்கு அமுக்குனது நானுங்க."